மூக்கும் தலையும்: தலையீட்டியலுக்கு ஒரு பாயிரம்

தமிழில் எழுத்துக்கு இலக்கணம் உண்டு, அணிக்கு இலக்கணம் உண்டு, களவுக்கும் கற்புக்கும்கூட உண்டு. ஆனால் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை நாம் விடாமல் பயிலும் தலையீட்டுக்கு இதுவரை ஓர் இயல் வகுக்கப்படவில்லை. இந்தக் குறையைப் போக்கும்படி என்னை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே இக்கட்டுரையே ஒரு தலையீடுதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

1. சொல்லியல்

ஆங்கிலேயர் சொல்லும் ‘இன்டர்ஃபியரன்ஸ்’ குதிரை லாயத்தில் புழங்கிய சொல். ஒன்றையொன்று அடித்துக்கொள்வதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து அது வந்தது. நடக்கும் குதிரையின் ஒரு குளம்பு அதன் மறு காலிலேயே இடித்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை ஆண்டார்கள். அதாவது, அங்கே இடைஞ்சல் செய்தது அதன் சொந்தக் கால்.

தமிழர் சொல் வயலில் விளைந்தது. நேராகப் போகும் காரியத்தின் நடுவே ஒருவர் புகுந்தால் ‘குறுக்குசால் ஓட்டுகிறார்’ என்போம். இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. நெடுக்கே உழுத நிலத்தைக் குறுக்கேயும் உழுவது மண்ணுக்கு நல்லது என்பது உழவர் எல்லோருக்கும் தெரியும். மண்ணுக்கு நல்லதாயிருந்தது பேச்சுக்கு வந்ததும் வசையானது ஏன்? என் கருதுகோள்: மண் திருப்பிப் பேசாது.

‘சிவபூஜையில் கரடி’ பற்றிய சர்ச்சை தனி. அது காட்டிலிருந்து வந்த விலங்கு அல்ல, கரடிகை என்னும் தோல் வாத்தியம் என்று ஒரு சாரார் வாதிடுவர். அது உண்மையானால் கரடி பூஜையைக் கெடுக்கவே இல்லை, பக்கவாத்தியம் வாசித்திருக்கிறது. தலையிடுபவர் எல்லோரும் தம்மைப் பற்றி இப்படித்தான் நினைக்கிறார்கள்.

2. உறுப்பியல்

தமிழில் தலையீடு உடலுறுப்பு வாரியாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. தலையை இடலாம், மூக்கை நுழைக்கலாம், கையை வைக்கலாம், வாயைக் கொடுக்கலாம். காதை மட்டும் சுவரில் வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குக் காத்திருக்கலாம்.

இவற்றுள் தலை அரச மரியாதை பெற்றது. ‘முதல்வர் உடனடியாகத் தலையிட வேண்டும்’ என்று மனு எழுதுகிறோம். ‘என் விஷயத்தில் தலையிடாதே’ என்று தம்பியிடம் சீறுகிறோம். ஒரே சொல், ஒரு வாசலில் கும்பிடு, மறு வாசலில் குத்து. மூக்குக்கு இந்த இரட்டை வாழ்வு இல்லை. ‘மாவட்ட ஆட்சியர் இதில் மூக்கை நுழைத்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்’ என்று எந்த மனுவும் முடிவதில்லை. இதிலிருந்து தலையீட்டியலின் முதல் விதி பெறப்படுகிறது: கூப்பிட்டு வருவது தலை, கூப்பிடாமல் வருவது மூக்கு. இரண்டும் ஒரே ஆளோடுதான் வருகின்றன என்பது வேறு விஷயம்.

நாடுகளும் இந்தச் சிக்கலுக்கு விலக்கல்ல. 1954இல் இந்தியாவும் சீனாவும் ஒப்புக்கொண்ட பஞ்சசீலத்தில் ஒன்று, ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடாமை. எட்டே ஆண்டுகளில் எல்லையில் போர். தலையைத்தான் இடக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். மற்ற உறுப்புகளைப் பட்டியலிட மறந்துவிட்டார்கள் போலும்.

3. உதவியாக வரும் தலையீடு

தலையிடுபவர் எவரும் கெடுக்க வருவதில்லை. சரியாக உப்பிட்ட குழம்பில் ‘கொஞ்சம் கம்மியா இருக்கே’ என்று இன்னும் ஒரு சிட்டிகை போடுபவர் ருசியைக் கூட்டத்தான் வருகிறார். இதைத் தாவரவியலும் உறுதி செய்கிறது. 1990 வாக்கில் விஞ்ஞானிகள் பெட்யூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அழுத்தமாக்க எண்ணி, நிறம் தரும் மரபணுவை அச்செடிக்குள் கூடுதலாகச் செலுத்தினார்கள். பல பூக்கள் வெள்ளையாகப் பூத்தன. கூட வந்த மரபணு தன் வேலையையும் செய்யவில்லை, ஏற்கெனவே இருந்ததன் வாயையும் அடைத்துவிட்டது. இதுபோன்ற வாயடைப்பின் சூட்சுமத்தை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் ஒரு சிறு புழுவில் கண்டு சொன்னார்கள். அதற்கு ‘ஆர்என்ஏ குறுக்கீடு’ என்று பெயர். 2006இல் நோபல் பரிசும் கிடைத்தது. உப்புச் சிட்டிகைக்குப் பரிசு இன்னும் அறிவிக்கப்படவில்லை.

4. பௌதிகம்

தலையீட்டை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் தாமஸ் யங். தொழிலால் மருத்துவர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 1801இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஏறி, ஒளி என்பது அலை என்று பேசினார். நியூட்டன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத ஊரில் பேசினார். அதோடும் விடவில்லை. ரொசெட்டா கல்லில் இருந்த எகிப்திய எழுத்திலும் மூக்கை நுழைத்துப் பாதி வழி போனார். மீதியை 1822இல் ஷாம்போலியன் முடித்தார். குறுக்கீட்டு விதியை ஒரு குறுக்கீட்டாளரே கண்டுபிடித்தது பொருத்தம்தானே.

அவர் சொன்னதைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். இரண்டு அலைகள் சந்திக்கையில் முகட்டோடு முகடு சேர்ந்தால் ஆக்கக் குறுக்கீடு, பொலிவுப் பட்டை. முகட்டில் அகடு விழுந்தால் அழிவுக் குறுக்கீடு, கருமைப் பட்டை. ஒளியோடு ஒளியைச் சேர்த்தால் இருட்டு! மழை நாளில் பெட்ரோல் சிந்திய தார்ச்சாலையில் தெரியும் வானவில் நிறங்கள் இந்த வித்தைதான். வெளியிரைச்சலை அடக்கும் ஹெட்ஃபோன் வேலை செய்வதும் இப்படித்தான்: வரும் இரைச்சலுக்கு நேர் எதிரான இன்னொரு இரைச்சலை அது உண்டாக்கி விடுகிறது, காதுக்கு அமைதி மிஞ்சுகிறது. யோகிகள் இதைக் கண்டுபிடிக்காதது வியப்பு.

இரண்டு குறிப்புகள் உண்டு. சமமான இரு அலைகள் ஆக்கமாகச் சேர்ந்தால் அலைவீச்சு இரண்டு மடங்குதான். ஒளிச்செறிவோ நான்கு மடங்கு. இது முதலாவது. அலைகள் ஓரியல் மூலங்களிலிருந்து வர வேண்டும் என்பது இரண்டாவது. தெருவின் இரண்டு விளக்குகள் சேர்ந்து எந்தப் பட்டையையும் காட்டா. ஒரே விளக்கின் ஒளியை இரண்டாகப் பிரித்தால்தான் காட்டும்.

5. களப்பணி

முதல் களம், எங்கள் தெரு. குறுகலான சந்தில் ஒருவர் காரைப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினால், அதுவரை ஆளற்றிருந்த இடத்தில் இரண்டு பேர் முளைப்பார்கள். இடப்பக்கத்தவர் காரின் முதுகில் தட்டி, ‘வரலாம், வரலாம், ஃபுல்லா ஒடிங்க’ என்பார். வலப்பக்கத்தவர், ‘சார், நிறுத்துங்க, நேர் பண்ணிட்டு வாங்க’ என்பார். முகடும் அகடும் மோதி, கார் நடுத்தெருவில் அசையாமல் நிற்கும். இருவரும் ஒருமுகமாக ‘வரலாம்’ என்ற அன்றுதான் வண்டி மின்கம்பத்தில் முட்டியது. பின்னால் வந்த பைக்குக்காரரின் ஹார்ன் இரைச்சலைக் கூட்டியதே தவிர வேறு விளைவு எதையும் தரவில்லை. அவர் ஓரியல் மூலம் அல்லர்.

இரண்டாவது களம், தங்கையின் கல்யாணம். பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்; பௌதிகம் கேட்கும் ஓரியல் மூலங்கள் இதைவிடச் சுத்தமாகக் கிடைக்கா. மண்டபம் ரயிலடிக்குப் பக்கத்தில் வேண்டும் என்றார் பெரியப்பா. பக்கத்திலேயே கூடாது, சத்தத்தில் மந்திரம் கேட்காது என்றார் சித்தப்பா. மூன்று வாரம் முழு இருட்டு. அந்த இருட்டில் அம்மா, தான் முதலிலேயே நினைத்திருந்த மண்டபத்துக்குச் சத்தமில்லாமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

பிறகு சமையல்காரர் விஷயம் வந்தது. அதில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கருத்து. தலையிட்டவர் இருவர், மாறியதோ நான்கு: சமையல்காரர், காலை டிபன், பந்தி நேரம், கடைசியில் முகூர்த்தச் சேலையின் நிறம். சேலைக்கும் சமையலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் நான்கு மடங்கு விதியை மறுபடி படிக்கவும்.

6. முடிவு

தலையீட்டை ஒழிக்க முடியாது. ‘தலையிடாதீர்கள்’ என்று சொல்வதே இன்னொரு தலையீடு. ஆனால் இதைக் கையாள முடியும். ஒருவர் மட்டும் யோசனை சொல்ல வந்தால் பயப்படுங்கள். எதிர்க் கருத்துள்ள இன்னொருவரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவரும் சேர்ந்தே வந்தால் அவசரப்பட்டு நிம்மதி அடைய வேண்டாம். முதலில் அவர்கள் அண்ணன் தம்பியா என்று விசாரியுங்கள். ஆம் என்றால், இருவருக்கும் காபி கொடுத்துக்கொண்டே அவர்கள் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.