கிட்டாருக்கும் வியர்க்குமா?

கேள்வி: கிட்டார் எடுத்தாலே கை வியர்த்து, அதன் கழுத்தில் ஒட்டிக்கொள்கிறதே, பவுடர் போடலாமா?
– வாசகர், திருப்போரூர்

பதில்: கந்தசாமி தாரகாசுரனோடு போரிட்ட ஊர்க்காரர் நீங்கள், உங்கள் போர் கடற்காற்றின் ஈரத்தோடு! பவுடர் வேண்டாம், வியர்வையில் குழைந்து பசையாகிவிடும். வீணைக் கலைஞர்கள் எண்ணெய்ப் பஞ்சில் விரலைத் தொட்டுக்கொள்வார்களே, அந்த வைத்தியம் வீணைக்குத்தான். கிட்டாரில் ஒட்டுவது கழுத்தின் பின்புறப் பளபள வார்னிஷ். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து உட்காருங்கள். வாசித்ததும் கழுத்தையும் கம்பிகளையும் பருத்தித் துணியால் துடையுங்கள். வியர்வை உப்பு கம்பியைத் துருவாக்கும். அப்படியும் ஒட்டினால், 0000 எண் ஸ்டீல் உல்லால் பின்கழுத்தை நீளவாக்கில் மெல்லத் தேயுங்கள். மினுமினுப்பு போகும், கை வழுக்கிக்கொண்டு ஓடும். எலக்ட்ரிக் கிட்டாரா? முதலில் பிக்கப்பை டேப் ஒட்டி மூடுங்கள். உல்லிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அதன் காந்தத்தில் அப்பிக்கொள்ளும். ஏ.சி. அறையிலும் உள்ளங்கை சொட்டினால் தோல் மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.