ராணி குளித்த இடமும் அம்மாவின் கேள்விகளும்

மலேசியாவின் கேமரன் மலையில், கோலா தெர்லாவில் பிறந்தவனுக்குக் குளியல் என்பது அன்றாடப் பழக்கமல்ல, வீரச்செயல். விடிகாலைக் குளிரில், மலையிலிருந்து குழாய் வழியே நேரே இறங்கி வரும் தண்ணீரை ஒரு செம்பு தலையில் ஊற்றிப் பார்த்தால்தான் நான் சொல்வது புரியும். ஹீட்டர் வருவதற்கு முன், எங்கள் தோட்டத்து லயத்தில் கரிபிடித்த தகரத்தை அடுப்பில் ஏற்றி வெந்நீர் போடுவார்கள். முதலில் அப்பா, அப்புறம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், கடைசியில் அம்மா. அம்மாவின் முறை வரும்போது அடுப்பில் சாம்பலும் தகரத்தில் சந்தேகமும்தான் மிஞ்சியிருக்கும்.

எனக்கோ வெகுநாளாக ஸ்பெயினுக்குப் போய் ஒரு குளியலறையைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்கள் அந்த நாட்டை ஆண்ட காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், கிரனாடாவில் கட்டிய ‘பன்யுவேலோ’ என்ற பொதுக் குளியல் கூடம் அது. கூரையில் நட்சத்திர வடிவில் துளைகள் வைத்து வெளிச்சத்தை இறக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, சூடான அறை என்று மூன்று. சூடான அறைக்குத் தரைக்கடியில் அனல் ஓடும். எங்கள் லயத்திலும் மூன்று நிலை உண்டு: குளிர், கடுங்குளிர், போர்வைக்குள்ளேயே இருந்துவிடுவது.

பிற்காலத்தில் ஊர்ப் பெண்கள் துணி துவைக்கும் இடமாக இருந்ததால்தான் அந்தக் கூடம் தப்பிப் பிழைத்தது என்பதை அம்மாவிடம் சொன்னேன். நான் சொன்ன சரித்திரத்திலேயே அவர் முழுமனதோடு ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான். “பின்ன? துணி தொவைக்கிற எடத்த எவன்டா இடிப்பான்?”

ஆனால் என் வங்கிக் கணக்கு ஹம்பி வரைக்கும்தான் போகலாம் என்றது. அங்கே தலைநகர் வைத்திருந்த விஜயநகர அரசர்கள் போர்க்களத்தில் முஸ்லிம் சுல்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே, கட்டடத்துக்கு மட்டும் அவர்களுடைய வளைவுகளையும் குவிமாடங்களையும் தாராளமாக எடுத்துக்கொண்டவர்கள். தாமரை மஹாலில் அந்த வேலைப்பாடு இருக்கிறது, யானைக் கொட்டிலில் இருக்கிறது, ‘ராணி குளியலறை’யிலும் இருக்கிறது. விமானச் சீட்டும் பாதி விலை. போதாதா?

அம்மா சுவெட்டரோடு வந்து இறங்கினார். ஹம்பி வெயிலில் பாறையெல்லாம் கொதித்தது. ஹோஸ்பேட்டையிலிருந்து வந்த ஆட்டோக்காரருக்குத் தமிழ் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் அவருக்கு நல்லது.

வெளியே பார்க்க ராணி குளியலறை ஒரு சாதாரணச் சதுரக் கட்டடம். அலங்காரமெல்லாம் உள்ளேதான். நடுவில் 15 மீட்டர் சதுரத்தில், கிட்டத்தட்ட ஆறடி ஆழத்தில், மேலே கூரையில்லாத குளம். சுற்றிலும் வளைவு வளைவாக நடை. குளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்னல் மாடங்கள். சொட்டுத் தண்ணீர் கிடையாது. கட்டடத்தைச் சுற்றி அகழி வேறு.

“குளிக்கிற எடத்துக்கு எதுக்குடா அகழி?”

“பாதுகாப்பும்மா.”

“குளிக்கிறப்ப எவன் சண்டைக்கு வரப்போறான்?” என்றவர், அடுத்ததாக ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினார். “வெந்நி எங்க தம்பி போட்டாங்க?”

இந்த ஊருக்கு வெந்நீர் எதற்கு, கால்வாயில் வருகிற தண்ணீரை அப்படியே விட்டுக்கொள்வார்கள் என்றார் அவர். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். “பச்சத் தண்ணியிலயா?” ராணியின் மேல் அவருக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

எனக்கு அங்கே பிடித்ததென்னவோ ராணி குளியலறை அல்ல, கொஞ்ச தூரத்தில் இருக்கும் படிக்குளம். மண்ணுக்கடியில் கிடந்ததை 1980-களில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கருங்கல் படிகள் இன்றைக்கு அடுக்கியதுபோல நறுக்கென்று நிற்கின்றன. பல கற்களில் எந்தத் திசை, எந்த வரிசை என்று குறி வெட்டியிருக்கிறது. வேறெங்கோ செதுக்கிக் கொண்டுவந்து, குறி பார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். தூண்கள்மேல் ஏறி வரும் கல்தொட்டிக் கால்வாய்தான் தண்ணீர் கொண்டுவந்தது. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றதும் அரசர் குடும்பம் ஊரைவிட்டே போய்விட, அப்புறம் யார் குளிக்க? அம்மா ஒரு கல்லின் குறியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “நம்ம தோட்டத்துல வேல வாங்குற மண்டோர் மாதிரி ஒருத்தன் நின்னு எண்ணி எறக்கியிருக்கான்” என்றார். தொல்லியல் நூல்கள் இதையே பல பக்கத்துக்கு எழுதும்.

அதோடு விட்டாரா? ஆட்டோவில் ஏறப்போகும்போது ராணி குளியலறை நினைவு வந்துவிட்டது.

“ஏன் தம்பி, அவ்வளவு பெரிய தொட்டிய யாரு எறங்கித் தேச்சுக் கழுவுனது? பாசி புடிக்குமே?”

கிருஷ்ணதேவராயரின் ராணிகள் பெயரையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்த மனிதர், இதற்குத் திணறினார். கடைசியில், “அதெல்லாம் கவர்ன்மென்ட் பாத்துக்கும்மா” என்றார்.

“அப்பவேவா?”

அடுத்தது யானைக் கொட்டில். வரிசையாக 11 அறைகள். அங்கே அம்மா எதைக் கழுவியது யார் என்று கேட்பார் என்பது ஆட்டோக்காரருக்கே விளங்கிவிட்டது. வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினார்.