தண்ணீரில் இறங்காமலே இளைப்பது எப்படி?

முதல் வேலையாக நீச்சல் குளத்துக்கு மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடுங்கள். மாதாமாதம் கட்டினால் மாதாமாதம் மனசு உறுத்தும். மொத்தமாகக் கட்டினால் ஒரே தடவையோடு போச்சு. நான் சேர்ந்த இடத்தில் ‘லேடீஸ் பேட்ச்’ காலை பத்தரைக்கு. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் நேரமாகப் பார்த்து வைத்த புண்ணியவான் யாரோ.

அடுத்தது உடை. நைட்டியோடு இறங்கலாமா என்று கேட்டேன். கோச்சுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். “ஆன்ட்டி, ஊதிக்கும்” என்றாள். நான் நம்பவில்லை. இரண்டாவது படியில் கால் வைத்ததுமே நைட்டிக்குள் காற்று புகுந்து, இடுப்பைச் சுற்றி ராட்டினம் மாதிரி விரிந்துகொண்டது. அமுக்கினால் முன்னால் அமுங்கி முதுகுப் பக்கம் எழும்பியது. ஏறும்போது துணியெல்லாம் தண்ணீரைக் குடித்து, வந்த எடையைவிடக் கூடுதலாகத்தான் கரையேறினேன். ஆகவே, முழங்கால்வரை வரும் லைக்ரா உடை வாங்குங்கள். அதற்குள் நுழைவதே பாதி உடற்பயிற்சி. மெனோபாஸ் சூடு குப்பென்று கிளம்பும் நாளாக இருந்தால் உடை மாற்றும் அறையிலேயே முழுப் பயிற்சியும் முடிந்துவிடும். அப்படியே வீட்டுக்குத் திரும்பலாம்.

போகாமலிருக்கக் காரணங்களைக் கைவசம் வைத்திருங்கள். குளோரினில் முடி கொட்டும், டை வெளுக்கும், சைனஸ், அஷ்டமி, நவமி. முன்பெல்லாம் மாதம் மூன்று நாள் யாரும் கேள்வி கேட்காத விடுப்பு இருந்தது. அது பறிபோனதுதான் மெனோபாஸின் பெரிய நஷ்டம்.

இனி மாத்திரை. வைட்டமின் டி 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை எங்கள் எதிர்வீட்டு மாமி தினம் ஒன்றாக்கினார். நல்லது நிறையப் போனால் இன்னும் நல்லதுதானே! அது கொழுப்பில் கரைகிற சத்து, உடம்பிலேயே தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி எடுத்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு கிலோ குறைந்தது என்னவோ உண்மை.

தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம் மூன்றையும் ஒரே வாயில் போட்டுக் காபியை ஊற்றிக்கொண்டால் வேலை மிச்சம். ஒன்றை ஒன்று உடம்பில் சேரவிடாது, தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்பார் டாக்டர். அவருக்கென்ன, காபி போடும் வேலையா இருக்கிறது? எந்த வைட்டமினும் எடையைக் குறைக்காது என்பதை மட்டும் எந்த டப்பாவிலும் பொடி எழுத்தில்கூடப் போடுவதில்லை.

இத்தனையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தும், ஒருநாள் தவறிப்போய் இறங்கிவிட்டேன். என் எடை 78 கிலோ. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் விழுவது அதில் பாதிதான். மார்பளவு போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மாடிப்படியில் முனகுகிற முழங்கால் அங்கே வாயே திறக்கவில்லை. முன்னால் இருபது அடி, பின்னால் இருபது அடி நடந்தேன். தண்ணீரைத் தள்ளித் தள்ளி நடந்ததில் தொடை கடுத்தது. நடுவில் அந்தச் சூடு வழக்கம்போலக் கிளம்பியது. கழுத்துவரை முங்கினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பத்து வருஷத்தில் அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை.

ஆனால் தண்ணீர் நம் எடையைச் சுமப்பதால் எலும்புக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. அதற்குத் தரையிலும் நடக்க வேண்டுமாம். குளத்திலிருந்து பஜ்ஜிக் கடைவரை நடப்பதை என் கோச் கணக்கில் சேர்க்க மறுக்கிறாள்.

எங்கள் குளத்தில் லேடீஸ் பக்கம் ஆழம் நாலடிதான். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. நைட்டியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.