ஒரு பகலில் இரு காண்டம்

நாஞ்சில் நாட்டில், கன்னியாகுமரிச் சாலையோரம் பொற்றையடியில் தனித்து எழுந்து நிற்கும் மருந்துவாழ் மலை, அனுமன் சுமந்துசென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்றும், வடக்கே தோவாளைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையோடு ஒட்டிய தாடகை மலை, இராமன் வீழ்த்திய அரக்கி படுத்துக் கிடக்கும் உருவம் என்றும் மக்கள் நம்புகின்றனர். இவ்விரண்டையும் ஒரே பகலில் ஏறி முடிக்கத் துடிக்கும் இளைஞர் ஒருவருக்கும், ஆசான் என்று குமரி மாவட்டத்தார் அழைக்கும், சுளுக்கும் முறிவும் தீர்க்கும் வர்ம வைத்தியர் ஒருவருக்கும் உரையாடல் நிகழுமானால் அது பின்வருமாறு அமையும்.

இளைஞர்: காலையில் மருந்துவாழ் மலை, மாலையில் தாடகை மலை. இராமனுக்குப் பல ஆண்டுகள் பிடித்த கதை ஒரே பகலில் முடிந்துவிடும், ஆசானே.

ஆசான்: யுத்த காண்டத்தை முடித்துவிட்டுப் பால காண்டத்துக்குப் போவதென்றால், இராமாயணத்தைத் தலைகீழாக அல்லவா படிக்கிறாய், மக்களே?

இளைஞர்: கணக்கு சரியாகவே இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதிப்படி, நடக்கும் 3 மைலுக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஒதுக்கினால் போதும்.

ஆசான்: குளிர்நாட்டில் பிறந்த அந்த விதிக்கு, இவ்வட்டாரத்தில் பரவலாக உள்ள சார்னோக்கைட்டு என்னும் கடும்பாறை பங்குனி வெயிலில் தோசைக்கல்லாகிவிடும் என்பது தெரியாது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே உடலின் பாரத்தைத் தாங்குவதால் முழங்கால் கெஞ்சும் என்பதையும் அது சொல்லவில்லை. ஏற்றம் உன் பெருமை. இறக்கம் வைத்தியசாலையின் வருமானம்.

இளைஞர்: அனுமன் ஒரே இரவில் மலையையே தூக்கி வரவில்லையா?

ஆசான்: மூலிகை எதுவென்று தெரியாததால் அவர் மலையைப் பெயர்த்தார்; உயிர் காக்கும் அந்த அவசரத்திலும் ஒரு துண்டு தவறி விழுந்தது, அதன்மேல்தான் நீ ஏறப் போகிறாய். உனக்கோ மலையும் வேண்டாம், மூலிகையும் வேண்டாம், உச்சியில் எடுத்த படம் போதும். அங்குள்ள பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்த கேரளத் துறவி நாராயண குரு எத்தனை நிமிடத்தில் ஏறினார் என்று எவரும் குறித்து வைக்கவில்லை.

இளைஞர்: பிற்பகலில் தாடகை மலைக்காவது போகலாமே?

ஆசான்: அது காப்புக்காடு, அதாவது வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாதென்று சட்டம் காக்கும் காடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்ட பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளும் வந்தன. தாடகையோடு பொருதுமுன் இராமனே விசுவாமித்திரரின் ஆணைக்குக் காத்திருந்தான். உனக்கு வனத்துறையின் ஒப்புதல் போதும்.

ஆசானின் வாதத்தில் தொழில் நட்டம் தெளிவாகத் தெரிவதால், அதை நம்பலாம். மருந்துவாழ் மலைக்கு விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவதும், தாடகை மலைக்கு அனுமதி கிடைத்த வேறொரு நாளை ஒதுக்குவதுமே மலையேறுவோர்க்கு முறை.