பேசும் ரயிலும் பேசாத அம்மிணியும்

எங்கள் வீட்டில் வாய் ஓயாத ஜீவன், மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் ரயில். பேட்டரி போட்டால் ஏ, பி, சி, டி பாடும். பசு எப்படிக் கத்தும் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே கத்திக் காட்டும். எல்லாம் அமெரிக்க இங்கிலீஷ். அந்தப் பசுவும் அந்த ஊர்ப் பசுதான். நம் காங்கேயம் மாடு கேட்டால் முட்டாமல் விடாது. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் ‘வா, விளையாடலாம்’ என்று ரயிலே கூப்பிடும். ஒருநாள் நடுச்சாமத்தில் கூப்பிட்டதில், காலையில் எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார்: “ஏனுங்க, வெளிநாட்டு ஒரம்பரை வந்திருக்குதுங்களா?”

பேத்திக்கு அப்போது ஒன்றரை வயது. எல்லோருக்கும் அவள் அம்மிணி. ரயில் பேசப் பேச, அம்மிணி வாயை இறுக மூடிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டத்தில் மைக் பிடித்தவர் கீழே வைப்பாரா என்று பார்க்கிற பார்வை அது.

தாராபுரத்தில் குழந்தை பேசவில்லை என்றால் ஊரே பேசும். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார் ஒருத்தர். பேர் சொல்லக் கூடாத அந்த மருந்தைத் தேய்த்தால் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிடுமாம். காடு அனுமந்தராயர் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார் இன்னொருத்தர். செல்போனில் பாட்டுப் போட்டுக் காட்டினால் தன்னால் பேசும் என்றது ஒரு சொந்தம். ரெண்டு வயது ஆகாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது என்றேன். “அவுங்க என்ன, நம்ம ஒரம்பரையா?” என்று பதில் வந்தது. டாக்டர் மட்டும், முதலில் காது கேட்கிறதா பாருங்கள் என்றார். பேசத் தாமதமாகும் எந்தப் பிள்ளைக்கும் முதல் வேலை அதுதான். பார்த்தோம். அடுப்படியில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தம் திண்ணையில் இருப்பவளுக்குக் கேட்கிறது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். மிஷினும் அதையே சொன்னது.

காதில் குறையில்லை என்றதும் என் சந்தேகம் ரயில் மேல் திரும்பியது. அதை அரிசோனாவில் ஓர் அம்மையார் எண்ணியே காட்டியிருக்கிறார். நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்து அன்னா சோசா, 26 வீடுகளில் கைக்குழந்தையும் பெற்றவரும் விளையாடுவதை ஒலிப்பதிவு செய்து, 2015-ல் முடிவை வெளியிட்டார். பேசும், பாடும் எலக்ட்ரானிக் பொம்மை நடுவே இருந்தால் பெரியவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 40 சொல் பேசினார்கள். மரப் புதிர், ரப்பர் கட்டை மாதிரி ஊமைப் பொம்மைகள் என்றால் 56. படப் புத்தகம் என்றால் 67. பொம்மை பேசினால் மனுசர் வாயை மூடிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக் கணக்கு இன்னும் மோசம். ரயில் ஓடத் தொடங்கியதும் நான் பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவேன். பெரியவர்களுக்கு லீவு விடுவதற்காகவே செய்த பொருள் அது. காசு கொடுத்து வாங்குவதும் நாம்தானே.

என் மனைவிக்கு அந்த லீவெல்லாம் கிடையாது. மகளும் மாப்பிள்ளையும் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டால் திரும்ப ராத்திரி ஆகிவிடும். வீட்டில் இருக்கிற இவளோ பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொடுப்பவள். பீஸ் கணக்குக் கூலி. கத்தரி இருக்கும் இடத்துக்குப் பிள்ளை வரக் கூடாதென்று கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய கூடை வைத்தாள். அதில் கட்டிங் வேஸ்ட் துணியும், நூல் தீர்ந்த காகிதக் கோன்களும். வாயில் போட்டுக்கொள்ளும் என்று பட்டனுக்கு மட்டும் தடை.

கோன் ஊமை. அதை வைத்துக்கொண்டு ஏதாவது நடக்க வேண்டுமானால் யாராவது வாயைத் திறந்தாக வேண்டும்.

“அம்மிணி, இதென்னுங்க சாமி?”

அம்மிணி கோனை என் தலையில் கவிழ்த்தாள்.

“அட, அப்புச்சிக்குத் தொப்பியா? அப்புச்சி போலீஸா? கள்ளன் எங்கீங்க?”

அம்மிணி யோசித்து, நிதானமாக, என்னையே காட்டினாள். “கள்ளன்.”

முதன்முதலில் தெளிவாக வந்த சொல் அது. மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. உச்சரிப்பு சுத்தமாம்.

அன்றிலிருந்து கோன் குழாயாகி, ஊதுகுழலாகி, செல்போனாகி, எங்கள் ரோட்டோரக் காத்தாலைகளில் ஒன்றாகவும் சுற்றியது. அமெரிக்க ரயில் ரயிலாக மட்டும்தான் இருந்தது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துப் பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுத்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் வழியில் எங்கள் கூடைக்கும் ஏதாவது கொடுக்கலாம்.

துணியில்தான் நிறம் கற்றாள். “அந்தச் செவப்பு எடுங்க, அம்மாயிக்கு. நீலம் அப்புச்சிக்கு.” பிரிப்பதற்குள் நூறு பேச்சு. ஒரு தகராறும் வந்தது. திருப்பூர்ப் பனியனில் பாதி அந்தச் சாம்பல் கலவை நிறம்தானே. கம்பெனியில் அதற்கு மெலஞ்ச் என்று பேர். பால்வாடிக்குப் போன புதிதில், யானை என்ன நிறம் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். “மெலஞ்சு!” கறுப்பு என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தாராம். அம்மிணி ஒத்துக்கொள்ளவில்லை. யானையை நேரில் பார்த்தவன் என்ற முறையில் நானும் அம்மிணி கட்சி.

1975 அக்டோபர் 2-ல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கி ஐம்பது வருசம் ஆகியும் எங்கள் பக்கம் அது பால்வாடிதான். அங்கே ஒடியா பேசும் பையன் ஒருத்தன் அம்மிணிக்குக் கூட்டாளி. இருவரும் சேர்ந்து ஆடுவது கம்பெனி பஸ். குட்டி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, “ஏறுங்க, ஏறுங்க, பஞ்ச் வெக்கோணும், லேட்டாச்சு!” என்று கூவுகிறார்கள். அவன் தமிழில் ‘ங்க’ போடக் கற்றுவிட்டான். இவள் ஒடியாவில் எதையோ திட்டுகிறாள். அர்த்தம் கேட்டால் அவன் அம்மா சிரிக்கிறாரே தவிர, சொல்லமாட்டேன் என்கிறார்.

மூன்று வயது ஆகப்போகிறது. இப்போது வீட்டுத் திண்ணையில் அவளுக்குச் சொந்தமாக ஒரு கம்பெனி. அவள் ஓனர், நான் செக்கிங். துணுக்குத் துணியை ஒவ்வொன்றாக நீட்டுவேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இது ஓகே. இது ஓட்டை. இது டேமேஜுங்க” என்று எறிவாள். சாப்பிடப் போகட்டுமா என்று கேட்டேன். “ஷிப்மெண்டு இருக்குதுங்க” என்றாள். அப்பன் பேசுவதை எங்கிருந்தோ கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டாள்: சிவப்பில் ரெண்டு, மெலஞ்சில் ஒன்று. எண்ணிப் பார்ப்பதற்குள் சிவப்பில் ஒன்றைத் திரும்ப உருவிக்கொண்டாள்.

“ஏனுங்க ஓனரம்மா, இது எதுக்குங்க?”

“நீங்க தூங்கிட்டீங்க.”