தலைவிக்கு ஒரு பட்டை

மகளிர் கல்லூரியில் பேரவைத் தலைவி ஆவது லேசுப்பட்ட காரியமல்ல. மாணவர் தேர்தல்கள் பற்றி 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுப் பரிந்துரைப்படி வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சடித்த போஸ்டர் ஆகாது. குற்றவழக்கு விசாரணைக்கு உள்ளாகியிருக்கவே கூடாது. (சட்டமன்றத்துக்குப் போட்டியிட வழக்கு நிலுவை ஒரு தடையே இல்லை.)

இத்தனையும் தாண்டி ஜெயித்தால் தோளில் ஒரு பட்டை, நெஞ்சில் ஒரு பேட்ஜ். அதிகாரம்? குத்துவிளக்கு ஏற்ற மெழுகுவத்தியை நீட்டலாம். பொன்னாடைத் தட்டை ஏந்தலாம். மைக் வேலை செய்தால் நன்றியுரையும் உண்டு. விடுதிக் கதவை ஆறுக்குப் பதில் ஏழு மணிக்குப் பூட்டலாமே என்று மட்டும் கேட்டுப் பார்க்கட்டும்.

“நல்ல யோசனைம்மா. நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா.”