மாடி போர்ஷனில் மத்திய அரசு

திருச்சி புத்தூர் நால்ரோட்டிலிருந்து பிஷப் ஹீபர் கல்லூரிப் பக்கம் நடந்தால் அங்கங்கே ‘டூலெட்’ பலகை. மாடியில் பெரியாஸ்பத்திரி நர்ஸ், கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. கீழே வீட்டுக்காரர். கடன் வாங்கி மாடி எழுப்பிவிட்டு, தவணையில் பாதியாவது வாடகையில் தேறாதா என்று காத்திருக்கும் அப்பாவி.

இவர் வியாபாரி இல்லையாம். டெல்லி கொடுத்த சான்றிதழ். வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ குடியிருக்க விட்டு வரும் வாடகையைத் தொழில் வருமானமாகக் காட்டக் கூடாது என்று 2024 பட்ஜெட்டில் பூட்டுப் போட்டார்கள். வியாபாரி என்றால் மோட்டார் காயில் எரிந்தது, தளம் ஒழுகியது என்று பில் நீட்டுவானே! வீட்டுக்காரருக்குப் பராமரிப்புக் கழிவு மொத்தமாக 30 சதவீதம். சுண்ணாம்பே அடிக்காதவருக்கும் அதுதான், கக்கூஸ் பைப்பைத் தோண்டித் தோண்டி மாற்றியவருக்கும் அதுதான்.

மாதம் 8,000 வாடகை என்று வையுங்கள். ஆண்டுக்கு 96,000. மாடிக்குரிய வீட்டுவரி 3,000 போக 93,000. (அதையும் அந்த ஆண்டே கட்டியிருக்க வேண்டும். தான் குடியிருக்கும் கீழ்வீட்டுக்குக் கட்டியதற்குக் கழிவே கிடையாது.) 30 சதவீதம் போக 65,100. மாடிக் கடனுக்கு வட்டி 1,80,000 என்றால் நட்டம் 1,14,900. புதிய வரிமுறையில் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. கடன் அடைந்து நாலு காசு நிற்கட்டும், அன்றைக்கு டெல்லிப் பங்காளி வாசலில் நிற்பான்.

மேலே இருக்கும் நர்ஸம்மாவுக்கும் அதே முறையில் வீட்டு வாடகைப்படிச் சலுகை இல்லை. கொடுக்கிறவருக்கு வாடகை செலவே அல்ல, வாங்குகிறவருக்கு மட்டும் வருமானம்! 12 லட்சம் வரை வரியே இல்லையே என்று டிவியில் பாடுவார்கள். அந்தக் கோட்டைத் தாண்டிய வாத்தியார் என்ன பாவம் செய்தார்?

புத்தூர்க் குழுமாயி அம்மன் குட்டிகுடித் திருவிழாவில் மருளாளி ஆட்டுக்குட்டி ரத்தம் குடிப்பது ஆண்டுக்கு ஒரு நாள், ஊரறிய. நேர்ந்துகொண்டவர் தாமே குட்டியைத் தூக்கி வருகிறார். இங்கே மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, டெல்லிக்கு முன்வரி நான்கு தவணை. நேர்த்தியும் இல்லை, வரமும் இல்லை.

2019 செப்டம்பர் 20 அன்று, வேறு சலுகை கேட்காத கம்பெனிகளுக்கு வரியை 22 சதவீதமாகக் குறைத்தார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் போகும் என்று அவரே சொன்னார், முகம் வாடவில்லை. தொழில் நட்டத்தை எட்டு ஆண்டு சுமந்துபோய்க் கழித்துக்கொள்ளவும் கம்பெனிக்கு வழி உண்டு. அம்மையார் பொருளாதாரம் படித்தது இதே திருச்சியில், சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியில். மோட்டார் காயிலுக்கு எங்கள் வீட்டுக்காரர் ரசீது பத்திரமாக வைத்திருக்கிறார். எந்த ஜன்னலில் நீட்டுவது என்று அம்மையாரே சொல்லட்டும்.